கழிவு யாருடையது? காசு யாருக்கு?

தமிழில் ‘கழிவு’ என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. பயன்பட்டது போக எஞ்சி வீணாவதும் கழிவு. மண்டியில் உழவர் கொண்டுவந்த சரக்கின் எடையிலும் விலையிலும் வணிகர் பிடித்துக் கொள்வதும் கழிவு. தாவரக் கழிவிலிருந்து வாகன எரிபொருள் என்று ஒன்றிய அரசும் ஆந்திர மாநில அரசும் முழங்குகிற திட்டங்களில் இவ்விரு பொருளும் கலந்தே கிடக்கின்றன. எஞ்சியது எது என்பதைச் சொல்கிறார்கள். பிடித்துக் கொள்பவர் யார் என்பதைச் சொல்வதில்லை.

2022 ஏப்ரல் வரை பெரும்பகுதி ஒன்றாக இருந்த சித்தூர், திருப்பதி மாவட்டங்களைப் பாருங்கள். சித்தூரின் மாந்தோப்புகளில் விளையும் தோத்தாபுரி, நம் கிருஷ்ணகிரியில் பெங்களூரா எனப்படும் அதே மாம்பழம்தான். இரு பகுதிகளிலும் கூழ் ஆலைகளே அதன் விலையைத் தீர்மானிக்கின்றன. 2025ஆம் ஆண்டுப் பருவத்தில் விலை சரிந்தபோது, கிலோவுக்கு ₹12 என்று ஆந்திர அரசு அறிவித்தது. ஆலை ₹8 தர வேண்டும், அரசு ₹4 தரும். அந்த எட்டு ரூபாயும் முழுமையாகக் கைக்கு வரவில்லை என்று விவசாயிகள் போராடினர். பழங்களைச் சாலையில் கொட்டினர். கிருஷ்ணகிரியிலும் அதே பருவத்தில் அதே துயரம்தான்.

பழத்திலிருந்து கூழை எடுத்த பின் தோலும் கொட்டையும் மலைபோல் குவிகின்றன. அவற்றை ஒன்றுக்கும் உதவாத குப்பை என்று கணக்கிட்டே உழவருக்கு விலை பேசப்படுகிறது. நாளை அதே தோல் எரிவாயுவாகி விற்பனைக்கு வந்தால், அந்த வருவாயில் ஒரு பைசாவேனும் தோப்புக்காரரைச் சென்றடையுமா? இன்றுள்ள எந்தத் திட்டத்திலும் அதற்கு உறுதி இல்லை.

இதன் அறிவியலில் குறையில்லை. ஈரமான கழிவைக் காற்றுப் புகாத கலத்தில் நொதிக்க வைத்தால் மீத்தேன் கிடைக்கும். அதைத் தூய்மைப்படுத்தி அழுத்தினால் வாகனம் ஓடும். கடலைத் தோல், கரும்புச் சக்கை போன்ற உலர்ந்த கழிவைக் குறைந்த காற்றில் சூடாக்கினால் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் கலந்த வாயு வரும். வினையூக்கியின் துணையால் அதைத் திரவ எரிபொருளாக்கலாம். இந்த இரண்டாவது வழியை நிலக்கரி வாயுவைக் கொண்டு 1925இல் ஜெர்மனியில் ஃபிஷரும் டிராப்ஷும் கண்டறிந்தனர். அது ஹிட்லரின் போர் எந்திரத்துக்குப் பயன்பட்டது. பின்னர் நிறவெறித் தென்னாப்பிரிக்காவின் சாசோல் ஆலைகளில் புகலிடம் கண்டது. வேதியியல் ஒன்றுதான், அதைக் கையில் வைத்திருந்த வர்க்கம் அதன் பயனைத் தீர்மானித்தது. உற்பத்தியின் எச்சங்கள் மீண்டும் உற்பத்திக்குள் நுழைந்து முதலாளியின் இலாபத்தைப் பெருக்குவதை மார்க்ஸ் ‘மூலதனம்’ மூன்றாம் தொகுதியிலேயே ஆராய்ந்திருக்கிறார். நாம் ஒன்றும் புதிய சிக்கலைக் கண்டு திகைத்து நிற்கவில்லை.

2018இல் ஒன்றிய அரசு ‘சதத்’ திட்டத்தைத் தொடங்கியது. 5,000 அழுத்தப்பட்ட உயிரி எரிவாயு ஆலைகள் என்பது இலக்கு. 2023ஆம் ஆண்டு கெடு. கெடு கடந்தும் 2025 வரை இயங்கத் தொடங்கியவை நூற்றுச் சொச்சமே. ஆனால் நம் கவனத்துக்குரியது வேறொன்று. ஆலை அதிபர் உற்பத்தி செய்யும் வாயுவுக்குத் தொடக்கத்திலேயே கிலோவுக்கு ₹46 என்று பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்கள் விலை உறுதி அளித்தன. அந்த வாயுவுக்கு மூலப்பொருளான வைக்கோலுக்கும் சக்கைக்கும் தோலுக்கும் விலை உறுதி உண்டா? இல்லை. விளைபொருளுக்குச் சட்டபூர்வ ஆதரவு விலை கேட்டால் சந்தைத் தத்துவம் பேசுகிற அரசு, முதலாளியின் சரக்குக்கு மட்டும் சந்தையை மறந்துவிடுகிறது.

2024 நவம்பரில் ஆந்திர அரசு ரிலையன்ஸுடன் ஒப்பந்தம் செய்தது. ₹65,000 கோடியில் 500 எரிவாயு ஆலைகள். 2025 ஏப்ரலில் பிரகாசம் மாவட்டம் கனிகிரி அருகே அமைச்சர் நாரா லோகேஷ் முதல் ஆலைக்கு அடிக்கல் நாட்டினார். மூலதன மானியம், வரிச் சலுகை என்று அரசு வாரி வழங்குகிறது. இந்த ஆலைகளின் முதன்மை மூலப்பொருள் நேப்பியர் புல். மாட்டுக்குப் போடும் தீவனப் புல் எப்போது கழிவாயிற்று? அதை வளர்க்கத் தேர்ந்த இடம் தரிசு நிலமாம். ஆட்டுக்கிடை போடுபவருக்கும் நிலமற்ற தலித் குடும்பத்துக்கும் அந்தத் ‘தரிசு’தான் மேய்ச்சலும் விறகும். முதலில் பொருளைக் கழிவு என்றார்கள். இப்போது நிலத்தையே கழிவு என்கிறார்கள்.

அடுத்த கட்டமும் வந்துவிட்டது. 2024-25இல் இந்திய உணவுக் கழகத்தின் 52 இலட்சம் டன் அரிசி, கிலோ ₹22.50 விலையில் எத்தனால் ஆலைகளுக்கு ஒதுக்கப்பட்டது. கழிவில் தொடங்கிய பேச்சு களஞ்சியத்தில் கை வைப்பதில் வந்து நிற்கிறது.

“இடதுசாரிகள் எதையும் எதிர்ப்பவர்கள்” என்பார்கள். மாற்று எரிபொருள் வேண்டும், கச்சா எண்ணெய் இறக்குமதி குறைய வேண்டும் என்பதில் நமக்கு இரு கருத்து இல்லை. சித்தூர் கூட்டுறவுச் சர்க்கரை ஆலையும், ரேணிகுண்டா அருகே காஜுலமண்டியத்தின் ஸ்ரீ வெங்கடேஸ்வரா கூட்டுறவுச் சர்க்கரை ஆலையும் ஆண்டுக்கணக்கில் மூடிக் கிடக்கின்றன. திருப்பதியிலேயே ஐஐடியும் வேளாண் ஆராய்ச்சி நிலையமும் உள்ளன. கூட்டுறவு ஆலையும் பொதுத்துறை அறிவியலும் இணைந்தால் சக்கையும் மாங்கொட்டையும் விவசாயிகளின் சொத்தாகவே எரிபொருளாகும். அதற்கு முதலீடு இல்லை என்கிற அரசிடம், அம்பானிக்கு மானியம் தர மட்டும் பணம் இருக்கிறது.

எனவே நம் கோரிக்கைகள் தெளிவானவை. மாங்கொட்டை, சக்கை, வைக்கோல் உள்ளிட்ட ஒவ்வொரு எச்சத்துக்கும் குறைந்தபட்சக் கொள்முதல் விலை வேண்டும். மூடிய கூட்டுறவு ஆலைகளைத் திறந்து எரிபொருள் உற்பத்தியை அவற்றிடம் ஒப்படைக்க வேண்டும். கால்நடைக்குரிய கடலைக்கொடியையும் புல்லையும் மக்களின் மேய்ச்சல் நிலத்தையும் தொடக்கூடாது. நொதித்த பின் எஞ்சும் உரக்குழம்பு, அது வந்த வயலுக்கே விலையின்றித் திரும்ப வேண்டும்.

தோப்பில் வியர்வை சிந்தியவருக்குத் தோலிலும் பங்குண்டு. அந்தப் பங்கைப் பிடித்துக் கொள்ளும் கழிவுமுறைக்குப் பசுமை வண்ணம் பூசினாலும் அதன் பெயர் சுரண்டல்தான்.