காளைச் சவாரிக் காட்சியும் டிக்கட் விலையும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் காளைச் சவாரிக் காட்சிகளை நடத்திவரும் பி.பி.ஆர். ஸ்தாபனத்தின் அறிக்கைகளைச் சில ஆண்டுகளாகப் படித்து வந்தவர்கள் ஒரு வாசகத்தை அடிக்கடி கண்டிருப்பார்கள். டிக்கட் இத்தனை டாலர் முதற்கொண்டு கிடைக்கும் என்று முதலில் வரும். வரியும் கட்டணங்களும் இதில் சேரா என்று அதன் வால்போல ஒன்று தொங்கும். தலையைப் பார்த்துப் புறப்பட்ட குடியானவன், பணம் செலுத்தும் தறுவாயில் வாலில் அகப்பட்டுக் கொள்வான். இந்த வாலைப் பற்றியே இன்று எழுதப் புகுந்தோம்.

விளையாட்டு இன்னதென்று முதலில் சொல்லிவிடுவது நலம். நம் நாட்டுச் சல்லிக்கட்டில் வீரன் காளையின் திமிலைத் தழுவுகிறான். அமெரிக்கனோ அதன் முதுகில் ஏறி, ஒரு கையால் கயிற்றைப் பற்றிக்கொண்டு, மற்றொரு கை எதன்மீதும் படாமல் எட்டு விநாடி நிலைத்திருக்க வேண்டும். நூறு மதிப்பெண்ணில் பாதி வீரனுக்கு, பாதி காளைக்கு. காளை சோம்பேறியாயிருந்தால் சவாரி செய்தவனுக்கே நஷ்டம். முப்பது பேர் ஏறி, முப்பது பேரும் விழாமல் நின்றாலும், சவாரி மொத்தம் நான்கு நிமிஷந்தான். எஞ்சிய பொழுதெல்லாம் வாணவேடிக்கையும் சங்கீதமும் கோமாளியின் சேஷ்டையும் வியாபார விளம்பரமுமே. ஆயினும் அந்த நான்கு நிமிஷத்தை அற்பமென்று நாம் சொல்லமாட்டோம். 2019 ஜனவரியில் டென்வர் நகரில், இருபத்தைந்து வயது நிரம்பிய மேஸன் லோ என்னும் வீரர், தம்மைத் தள்ளிய காளையின் காலடி மார்பில் பட்டு உயிர் நீத்தார். அவர் மார்புக் கவசம் அணிந்தே இருந்தார்.

இது பிரபுக்கள் கண்டுபிடித்த பொழுதுபோக்கன்று. மேற்கத்திய மாகாணங்களில் மாட்டுப் பண்ணைகளில் கூலிக்கு உழைத்தவர்கள், வேலை ஓய்ந்த நாட்களில் தம் திறமையைக் காட்டிப் பந்தயம் வைத்ததிலிருந்து ரோடியோ பிறந்தது. அரிஸோனாவிலுள்ள பிரெஸ்காட் நகரம் 1888 முதல் நடத்திவரும் தன் ரோடியோவே உலகில் பழமையானதென்று உரிமை கொண்டாடுகிறது; வயோமிங்கிலுள்ள ஷயான் நகரத் திருவிழா 1897-ல் தொடங்கியது. இத்தகைய ரோடியோக்களில் பல பந்தயங்கள் உண்டு. காளைச் சவாரி அவற்றுள் ஒன்று. ஜனங்களை மிகுதியும் இழுப்பது அதுவாயிருக்க, அதன் பலன் தமக்குப் போதியவாறு வரவில்லையென்று கண்ட இருபது வீரர்கள், 1992-ல் ஆளுக்கு 1,000 டாலர் போட்டு பி.பி.ஆர். ஸ்தாபனத்தைத் தோற்றுவித்தார்கள். தம் தொழிலைத் தாமே ஆளவேண்டும் என்று 20,000 டாலரை நம்பித் துணிந்த அவர்கள் செயலை யார்தான் மெச்சாதிருப்பர்?

பின்னர் நடந்தது பழைய கதைதான். 2007-ல் பெரும்பங்கு முதலீட்டுக்காரர் கைக்குப் போயிற்று, 2015-ல் டபிள்யூ.எம்.ஈ.-ஐ.எம்.ஜி. என்னும் பெருங்கம்பெனி ஸ்தாபனத்தை வாங்கியது. 2025-ல் மல்யுத்தக் காட்சிகளுக்குப் பேர்போன டி.கே.ஓ. அதனை ஏற்றுக்கொண்டது. இந்தக் கடைசிப் பேரத்தின் தொகை 325 கோடி டாலர். இதில் நம் வாசகர்கள் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. காளைச் சவாரி மாத்திரம் அன்று கைமாறவில்லை. பெரும் பந்தயங்களுக்கு உயர்ந்த ஆசனமும் விருந்தும் உபசாரமும் சேர்த்துக் கட்டி, பெருவிலைக்கு விற்பதே தொழிலாகக் கொண்ட 'ஆன் லொகேஷன்' என்னும் கம்பெனியும் அதே பேரத்தில் அதே முதலாளியிடம் வந்து சேர்ந்தது. காட்சியும் அவனுடையது, பணக்காரருக்கு ஆசனம் விற்கும் கலையும் அவனுடையது. இவ்விரண்டும் ஒரு கூரையின்கீழ் வந்த பிறகு, மேல்வரிசையில் உட்காரும் பண்ணையாளின்மீது முதலாளியின் கண் எவ்வளவு தூரம் செல்லும் என்று ஐயுறுவது குற்றமாகாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். புருஷன், மனைவி, இரண்டு குழந்தைகள். ஆளுக்கு 40 டாலர் டிக்கட் என்று வைத்துக்கொள்வோம். இதைவிட மலிவான டிக்கட்டும் உண்டு. அரங்கின் அடியில் நூற்றுக்கணக்கான டாலர் பெறும் ஆசனங்களும் உண்டு. நால்வருக்கு 160 டாலர். அமெரிக்கப் பாராளுமன்றத்தின் தணிக்கை அலுவலகம் 2018-ல் வெளியிட்ட அறிக்கையில், தான் ஆராய்ந்த பலவகை நிகழ்ச்சிகளில் டிக்கட் விலையின்மேல் சுமத்தப்பட்ட கட்டணங்கள் சராசரி நூற்றுக்கு 27 என்று கண்டது. வாங்கியவர் மறுபடி விற்கும் சந்தையில் அது 31. முதலாவதையே வைத்தாலும் 43 டாலர் ஏறி 203 ஆகிறது. மோட்டாரை நிறுத்தக் கூலி வேறு. வீட்டிலிருந்து கட்டுச்சாதம் கொண்டுபோகலாமோவென்றால், பெரும்பாலான அரங்குகளில் வெளி ஆகாரத்துக்கு அனுமதியில்லை. உள்ளே விற்பவனிடமே, அவன் சொன்ன விலைக்கே வாங்கவேண்டும். இவற்றுக்கெல்லாம் 60 டாலர் என்று குறைத்தே மதிப்பிடுவோம். மொத்தம் 263.

டெக்ஸாஸ் மாகாணத்தில் இந்த ஸ்தாபனத்தின் உலக இறுதிப் பந்தயங்கள் நடைபெற்றிருக்கின்றன. அம்மாகாணத்தில் செல்லுபடியாகும் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 7.25 டாலர், 2009 முதல் அது ஒரு காசும் உயரவில்லை. அக்கூலி பெறுகிறவன் ஒரு மாலைக் காட்சிக்குக் குடும்பத்தை அழைத்துச் செல்ல 36 மணி நேரம், அதாவது நான்கரை நாள், உழைக்கவேண்டும். அங்கே பெரும்பாலோர் இதனினும் அதிகக் கூலி பெறுகிறார்கள் என்பது மெய்தான். இரட்டைக் கூலி பெறுகிறவனுக்கும் இரண்டு நாளைக்கு மேற்பட்ட சம்பாத்தியம் ஒரு மாலையில் போய்விடுகிறது என்பதும் மெய்தான்.

இதற்குச் சர்க்கார் ஒன்றுமே செய்யவில்லை என்று நாம் சொல்லவில்லை. வர்த்தகத்தைக் கண்காணிக்கும் கமிஷன் 2024 டிசம்பரில் ஒரு விதி இயற்றி, 2025 மே 12 முதல் அமலுக்குக் கொணர்ந்தது. நிகழ்ச்சி டிக்கட்டுகளுக்கு விலை கூறும்போதே கட்டாயக் கட்டணங்கள் யாவற்றையும் சேர்த்த தொகையைக் கூறவேண்டும் என்பது அதன் சாரம். நல்ல விதி, வரவேற்கிறோம். விலை என்பது ஒப்பந்தத்தின் உயிர். அதைக் கடைசிவரை மறைத்து வைத்து, வாங்குகிறவன் மனம் பற்றிய பிறகு வெளியிடுவது எந்த நியாயஸ்தலத்திலும் நேர்மையென்று சொல்லத்தக்கதன்று. ஆனால் விதியின் எல்லையையும் பார்க்கவேண்டும். கட்டணத்தைக் காட்டு என்கிறதேயொழிய, குறை என்று அது சொல்லவில்லை. சர்க்கார் வரியை முதல் தொகையில் சேர்க்கவேண்டியதில்லை. விரும்பினால் வாங்கலாம் என்ற வகையைச் சேர்ந்த செலவுகளும் அதற்கு வெளியே நிற்கின்றன. மோட்டார் நிறுத்தும் கூலி விருப்பத்தின் பாற்பட்டதாம்! ஐம்பது மைல் தூரத்திலிருந்து குழந்தைகளோடு வருகிறவன் மோட்டாரைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டா உள்ளே போவான்?

காட்சி நடத்துவோர் பக்கத்திலும் நியாயம் இல்லாமலில்லை. பனிச்சறுக்கும் பந்தாட்டமும் நடக்கும் மண்டபத்தில் நூற்றுக்கணக்கான டன் மண்ணைக் கொட்டிப் பரப்பி, காட்சி முடிந்ததும் அள்ளிச் செல்லவேண்டும். காளைகளை லாரியில் ஏற்றி நாடு முழுதும் கொண்டுபோக வேண்டும். அவற்றின் சொந்தக்காரருக்குக் கொடுக்கவேண்டும். வைத்தியர்கள் தயாராக நிற்கவேண்டும். உலக வெற்றி வீரருக்கு 10 லட்சம் டாலர் வெகுமதி. இவை இனாமாக நடப்பனவல்ல. ஆனால் இவற்றுக்கான செலவு டிக்கட் விலையில் அடங்கியிருக்க வேண்டியதுதானே? டிக்கட்டை விற்பதற்கென்றே தனிக் கூலி வாங்குவது, கடைக்காரன் அரிசி விலைக்கு மேல் அரிசியை அளந்ததற்குப் பணம் கேட்பதுபோல் இருக்கிறது. விற்கும் தொழில் சிலர் கையில் குவிந்திருப்பதே இதற்குக் காரணம். டிக்கட் விற்பனையில் தலைசிறந்த கம்பெனியும், காட்சிகள் நடத்துவதில் தலைசிறந்த கம்பெனியும் 2010-ல் ஒன்றாயின. அந்த ஏகபோகத்தின்மேல் அமெரிக்க நீதி இலாகாவே 2024-ல் வழக்குத் தொடுத்தது.

சவாரி ஆடம்பரந்தானே, வேண்டாதவன் வீட்டில் இருக்கட்டும் என்று சொல்வோரும் உண்டு. சோறும் துணியும் போன்ற அவசியம் அன்று என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆனால் இந்த விளையாட்டுக்கு வீரர்கள் எங்கிருந்து வருகிறார்கள்? பண்ணை வீட்டுப் பிள்ளைகள், சிறு வயதில் தகப்பன் தோளிலிருந்து காளையின் துள்ளலைக் கண்டு ஆசை கொண்டு வருகிறார்கள். அந்தத் தகப்பனை வாயிலில் நிறுத்திவிட்டால், நாளைக்குக் கயிற்றைப் பற்றக் கை எங்கிருந்து வரும்? மேஸன் லோ உயிரைக் கொடுத்தது உபசார ஆசனத்தில் விருந்துண்போருக்கு மாத்திரமன்று.

ஆகையால் டி.கே.ஓ. கம்பெனியார் முன் ஒரு கோரிக்கையை வைக்கிறோம். காட்சி நடக்கும் ஒவ்வோர் ஊரிலும் பத்தில் ஒரு பங்கு ஆசனங்களையேனும் ஒதுக்கி, வரியும் கட்டணமும் மோட்டார் நிறுத்தும் கூலியும் அடங்கிய ஒரே தொகைக்கு, கிராக்கிக்குத் தக்கபடி ஏற்றாமல், குழந்தைகளோடு வருவோருக்கு விற்கட்டும். ஒருவர் வாங்கியதை மற்றொருவருக்கு லாபத்துக்கு விற்கக்கூடாதென்று அந்த டிக்கட்டிலேயே நிபந்தனை எழுதட்டும். கமிஷனும் தன் விதியைத் திருத்தும்போது, காட்சிக்கு வந்தவர் தவிர்க்க முடியாத செலவு எது, தவிர்க்கக்கூடியது எது என்பதை, வாகனம் நிறுத்தும் இடத்திலிருந்து தொடங்கி மறுபடி வகுக்கட்டும்.