மழைக்காலத்து இடைத்தேர்தல்

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில், கூலாயிலிருந்து இருப்புப்பாதை வழியே குளுவாங்கைக் கடந்து வடக்கே சென்றால் வரும் லாபிஸ் வட்டாரத்தில், தெனாங் தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர் சுலைமான் தாஹா 2010 டிசம்பர் 17ஆம் தேதி காலமானதையொட்டி, 2011 ஜனவரி 30ஆம் தேதி ஓர் இடைத்தேர்தல் நடந்தது. தேசிய முன்னணியின் முகமட் அஸஹார் இப்ராஹிம், பாஸ் கட்சியின் நோர்மாலா சுடிர்மானை 3,707 வாக்கு வித்தியாசத்தில் வென்றார். மாநிலச் சட்டமன்றத்தின் 56 இடங்களில் 50ஐ 2008லேயே பிடித்திருந்த கூட்டணிக்கு அது பெரிய லாபமுமன்று.

என் மனத்தை இன்றும் உறுத்துவது அன்றைய வெள்ளமே. சாலைகள் நீரில் மூழ்க, தோட்டப்புறத் தமிழரும் பெல்டா நிலத்திட்டக் குடியேற்றவாசிகளும், வீட்டுச் சாமான்களைக் காப்பதா, பிள்ளைகளையும் முதியோரையும் மேட்டுக்குக் கொண்டுசேர்ப்பதா, வாக்குச்சாவடிக்குப் போவதா என்று தத்தளித்த அந்த நாளில், பதிவு பெற்ற 14,753 வாக்காளரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் வாக்களிக்கவில்லை. அத்தனை பேரையும் மழைதான் தடுத்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் கழுத்தளவு கவலையில் நின்றவனிடம் பிரஜையின் கடமையை எதிர்பார்ப்பது நியாயமாகாது.

வடகிழக்குப் பருவமழை ஜொகூருக்குப் புதிய விருந்தாளியன்று. 2006 டிசம்பரில் சிகாமட் மூழ்கியதை யாரும் மறந்திருக்கவும் முடியாது. இடம் காலியானது உறுதிசெய்யப்பட்டதிலிருந்து 60 நாள் அவகாசம் இருக்க, பிப்ரவரி 3ஆம் தேதிச் சீனப் புத்தாண்டு கழிந்து, மழையும் சற்று ஓய்ந்திருக்கக்கூடிய அடுத்த வாரத்தில் ஒரு நாளைத் தேர்ந்திருக்கலாம் என்பதே என் அபிப்பிராயம்.

தாமதம் தீதென்பதை நான் மறுக்கவில்லை. 2016 டிசம்பர் 5ஆம் தேதி தமிழக முதல்வர் ஜெயலலிதா மறைந்தபின், அவரது தொகுதிக்கான இடைத்தேர்தல் பணப்பட்டுவாடாப் புகாரால் ஒருமுறை ரத்தாகி, 2017 டிசம்பர் 21ஆம் தேதிதான் ஆர்.கே. நகர் வாக்களித்தது; ஓராண்டுக்கு மேல் அத்தொகுதி ஜனங்கள் பிரதிநிதியின்றி இருந்தார்கள். அந்த அவலம் நமக்கு நேராதபடி காப்பது 60 நாள் வரம்பு. ஆயினும் வரம்பென்பது கடைசி எல்லையே; அதற்குள் வானிலை, பண்டிகை, வேலைத்தலங்களின் விடுமுறை ஆகியவற்றை யோசித்து நாள் குறிக்கும் சுதந்திரம் தேர்தல் ஆணையத்துக்கு உண்டு. 2024 ஆகஸ்டு 2ஆம் தேதி ஜொகூரின் மக்கோத்தா தொகுதிச் சட்டமன்ற உறுப்பினர் ஷரிஃபா அஸிஸா காலமானபோது, அவ்வாணையமே செப்டம்பர் 28ஆம் தேதியைக் குறித்தது. இடையே 57 நாள்கள்.