மனத்துக்கு இனிய தொழிலுக்கும் கணக்கு வேண்டும்

அலுவலகம் விட்டு வந்த பின்போ, வீட்டுவேலைகளுக்கு இடையிலோ, ஓவியம், பூத்தையல், சுடுமண் நகை முதலியவற்றைச் செய்து விற்போர் இன்று நாடெங்கும் உள்ளனர். "இதைத் தொழில் என்று சொல்ல முடியாது, மனத்திருப்திக்காகச் செய்கிறேன்" என்றே அவர்களில் பலர் வங்கியில் எங்களிடம் பேச்சைத் தொடங்குகின்றனர். அந்த மனத்திருப்தி மெய்யானது. ஆனால், கணக்கு எழுதாமல் இருப்பதற்கு அது காரணமாகிவிடக் கூடாது என்பதே எங்கள் கருத்து.

கைவண்ணத்துக்கு விலை வைத்தால் அதிலுள்ள பாசம் போய்விடும் என்று சிலர் அஞ்சுவர். பீகாரின் மிதிலைப் பகுதிப் பெண்கள் மணமக்களின் அறைச்சுவரில் தலைமுறை தலைமுறையாக ஓவியம் தீட்டி வந்தனர். 1966-67ஆம் ஆண்டு வறட்சியின்போது, அகில இந்தியக் கைவினைப் பொருள் வாரியத்தின் முயற்சியால் அது காகிதத்துக்கும் விற்பனைக்கும் வந்தது. மதுபனி ஓவியம் என்று நாம் அறிவது அதுவே. அக்கலைஞர்களுள் ஒருவரான ஜகதம்பா தேவி 1975இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். திருமண வீட்டுச் சுவரில் வரையும் வழக்கமும் நின்றுவிடவில்லை.

ஆகவே, விற்பதில் தீங்கில்லை. உழைப்பைக் கணக்கில் சேர்க்காமல் விற்பதில்தான் தீங்கு. ஒரு சுடுமண் கழுத்தணிக்கு மண், வண்ணம், நூல், கொக்கி எல்லாம் சேர்ந்து 80 ரூபாய் என்று கொள்வோம். பிசைந்து, உருவாக்கி, சுட்டு, வண்ணம் தீட்ட 4 மணி நேரம் ஆகிறது. 200 ரூபாய்க்கு விற்றால் 120 ரூபாய் லாபம் என மகிழ்கிறோம். உண்மையில் அது மணிக்கு 30 ரூபாய்க் கூலி. சுடும்போது விரிசல் விட்டவற்றையும் அனுப்பும் செலவையும் கழித்தால் அதுவும் தேறாது. "நம்மவர்தானே" என்று விலையைக் குறைக்கும் உறவினர் வேறு. சில மாதங்களில் சலிப்பு தட்டுகிறது. ஆசையாய்த் தொடங்கியது மூலையில் கிடக்கிறது.

வணிகவியல் பயின்றோர் ஒரு விதியை அறிவர். ஒரு நிறுவனம், விலை கொடுத்து வாங்காமல் தானே ஈட்டிக்கொண்ட நற்பெயரை ஏட்டில் சொத்தாகக் காட்டக் கூடாது. அந்த நற்பெயர் இல்லை என்பதன்று இதன் பொருள். அதை நம்பகமாக அளக்க வழியில்லை என்பதே. மனநிறைவும் அத்தகையதே. அதை நட்டத்துக்கு ஈடாக ஏட்டில் எழுத இயலாது. தோழிக்கு ஒரு கழுத்தணியை அன்பளிப்பாகத் தர விரும்பினால் தாராளமாகத் தரலாம். ஆனால் அதை விற்பனையில் சேர்க்காமல் எடுப்பு என்றே எழுத வேண்டும். அப்போதுதான் அன்பும் வருமானமும் தனித்தனியே தெளிவாகத் தெரியும்.

இதற்குப் பெரிய ஏற்பாடு தேவையில்லை. வீட்டுச் செலவோடு கலவாத ஒரு நடப்புக் கணக்கும், பொருள் செலவையும் உழைத்த நேரத்தையும் குறிக்க ஒரு நோட்டும் போதும். இணையவழி உத்யம் பதிவுக்குக் கட்டணம் இல்லை. முத்ரா திட்டத்தின் சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரை கடன் பெறலாம். எனினும், வங்கியாளராகிய நாங்களே சொல்கிறோம்: ஆசையை மட்டும் நம்பிக் கடன் வாங்க வேண்டா. கையிலுள்ள முதலால் நிறைவேற்ற முடியாத அளவுக்கு ஆர்டர்கள் வந்த பிறகு வாருங்கள். வரும்போது அந்த நோட்டையும் கொண்டுவாருங்கள். ஆர்டர்கள் பெருகாவிட்டாலும் குறையில்லை. உழைப்புக்குரிய கூலி கிடைக்குமாயின், மாதம் பத்துப் பொருள் செய்யும் தொழில் பத்தாகவே நீடிக்கலாம்.