தற்செயலாய்க் கண்ட மூளைக் கட்டியும் சத்திரசிகிச்சையும்

துவிச்சக்கர வண்டியிலிருந்து விழுந்தமைக்காகவோ, சாதாரணத் தலைவலிக்காகவோ வைத்தியசாலைக்குச் செல்லும் ஒருவரின் தலையைப் படம்பிடித்தவிடத்து, அவர் எதிர்பாராத மூளைக் கட்டியொன்று அதிலே தென்படுவதுண்டு. காலையிற் சுகதேகியாய்ப் புறப்பட்டவர் மாலையில் நோயாளியென்ற பெயருடன் வீடு திரும்புகிறார். அவர் உடம்பில் அன்று புதிதாக எதுவும் தோன்றவில்லை. புதியது அப்படம் ஒன்றே. இவ்வாறு தற்செயலாய்க் கண்ட கட்டியை உடனே அறுத்து அகற்றுதல் வேண்டுமா என்பதே ஈண்டு ஆராயப் புகுந்த வினாவாகும்.

நம் பாட்டன்மார் காலத்தில் இவ்வினா எழவில்லை. 1895 இல் றொன்ட்கன் எக்ஸ் கதிரைக் கண்டறிந்த பின்னரும், மண்டையோட்டினுள் உள்ள மூளையைத் தெளிவாய்க் காணும் வழி நெடுங்காலம் பிறந்திலது. வலிப்பு, வாந்தி, பார்வை மங்கல் முதலிய குறிகள் தோன்றிய பின்னரே கட்டியைத் தேடினர். ஆதலின் அக்காலச் சத்திரவைத்தியர் கண்ட கட்டிகள் பெரும்பாலும் துன்பம் விளைத்தவையே. 1971 இல் ஹவுன்ஸ்பீல்ட் ஆக்கிய சீ.ரீ. ஸ்கான் இலண்டனில் முதன்முறையாக ஒரு நோயாளியின் மூளையைப் படம்பிடித்தது. பின்னர் எம்.ஆர்.ஐ. ஸ்கானும் வந்தது. நெதர்லாந்தின் றொட்டர்டாம் நகரில் நடுவயதும் முதுமையும் எய்திய 2000 பேரின் மூளைகளைப் படம்பிடித்து, 2007 இல் வெளியிட்ட ஆய்வின்படி, அவர்களுள் நூற்றுக்கு 1.6 வீதமானோரிடம் தீங்கற்ற வகைக் கட்டிகள் காணப்பட்டன. நம்மிடையேயும் கட்டியொன்று இருப்பதை அறியாமலே நலமாய் வாழ்வோர் இருத்தல் கூடும்.

திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்திலே வள்ளுவர், நோயாளியின் நிலை, நோயின் அளவு, காலம் என்னும் மூன்றையும் எண்ணிச் செய்யுமாறு மருத்துவனுக்குப் பணித்துள்ளார். இவ்வினாவுக்கும் அம்மூன்றே அளவுகோல் என்பது எமது கருத்து.

முதலில் நோய். கட்டிகள் யாவும் ஓரினத்தன அல்ல. மூளையைப் போர்த்திருக்கும் சவ்விலிருந்து தோன்றுவது மெனிஞ்சியோமா. 1922 இல் அதற்கு அப்பெயரிட்டவர் அமெரிக்கச் சத்திரவைத்தியர் ஹார்வி குஷிங். இது பெரும்பாலும் தீங்கற்றது, மெல்ல வளர்வது, பல்லாண்டு வளராதிருப்பதும் உண்டு. மூளையின் இழையத்துள்ளேயே தோன்றும் கிளையோமாவோ வேறு இயல்பினது. குறி எதுவும் காட்டாதபோதும் அது வளர்ந்துகொண்டேயிருக்கும். காலஞ்செல்லக் கொடியதாய் மாறுதலும் உண்டு. மெதுவாய் வளரும் கிளையோமா உடையோரைப் பற்றி 2012 இல் நோர்வேயிலிருந்து வெளிவந்த ஆய்வு, காத்திருக்கும் வழக்கமுள்ள வைத்தியசாலையின் நோயாளரைவிட, விரைந்து அகற்றும் வழக்கமுள்ள வைத்தியசாலையின் நோயாளர் நீண்டகாலம் வாழ்ந்தனரெனக் காட்டியது. அவர்களுட் பெரும்பாலோர் நோய்க்குறி தோன்றியவர்களே; ஆயினும் கிளையோமாவென ஐயுறுமிடத்துத் தாமதம் தகாதென்பதற்கு அஃது ஒரு சான்றாகும்.

அடுத்து நோயாளி. எழுபத்தைந்து வயது முதியவரின் சிறிய மெனிஞ்சியோமாவும், முப்பத்தைந்து வயதினரின் பார்வை நரம்பருகே வளர்ந்துவரும் மெனிஞ்சியோமாவும் பெயரால் ஒன்றாயினும் தீர்ப்பால் ஒன்றல்ல. மண்டையோட்டைத் திறக்குங்கால் குருதிப்பெருக்கு, கிருமித்தொற்று, வலிப்பு, கைகால் தளர்ச்சி, பேச்சிழப்பு ஆகிய இடர்கள் உள. துன்பத்தோடு வந்தவர் அவ்விடர்களை ஏற்பதற்கு நியாயம் உண்டு. துன்பமேயின்றி வந்தவரைப் பேச்சிழந்தவராய் அனுப்புவதற்கு மிக வலிய காரணம் வேண்டும்.

மூன்றாவது காலம். மெனிஞ்சியோமா எனத் தெளியப்பட்ட சிறு கட்டியை ஆறு மாதத்தின் பின்னும், பின்னர் ஆண்டுதோறும் படம்பிடித்து ஒப்புநோக்குதல் இன்றைய வழக்கு. வளர்ச்சியோ குறியோ தோன்றின், சத்திரசிகிச்சையோ கதிர்ச்சிகிச்சையோ செய்யலாம். காத்திருத்தல் என்பது கைவிடுதல் அன்று. ஆனால் குறித்த நாளிற் செல்லாதுவிடின் அது கைவிடுதலாகவே முடியும்.

“சிறிதாயிருக்கும்போதே அகற்றுதல் எளிதன்றோ? தலைக்குள் கட்டியிருக்க உறக்கம் வருமா?” என்று வினவுவோர் உளர். அவ்வச்சம் இயல்பானதே. ஆயினும் அச்சத்தை நீக்கத்தக்கது பொறுமையான விளக்கமேயன்றிக் கத்தியன்று. அகற்றுதல் எளிதா என்பதற்கு முன், அகற்றுதல் வேண்டுமா என்பது வினவப்படல் வேண்டும்.

இம்மலரைப் படிக்கும் பழைய மாணவருள் வைத்தியர் பலர். முதுமையை எய்துவோர் அவரினும் பலர். வைத்தியராயுள்ளோர் நோயாளியின் அருகமர்ந்து இம்மூன்றையும் அவர் விளங்கும் மொழியில் எடுத்துரைப்பாராக. நோயாளியின் உறவினர், “வெட்டி எடுத்துவிடுங்கள்” என அவசரப்படுத்தாது, இக்கட்டி எவ்வினத்தது, வளர்கின்றதா, தொட்டால் வருங் கேடு யாது, விட்டால் வருங் கேடு யாது என்று கேட்பாராக. பழைய படங்களையும் பத்திரமாய் வைத்திருப்பாராக. மருத்துவம் பயிலவிருக்கும் மாணவர், கத்தியைக் கையாளும் திறனோடு, அதனை எடுக்கலாகாத வேளையை அறியும் திறனையும் கற்பாராக.