பலகாரத் தட்டு எந்தத் தெரு வரை?

கார்த்திகை தேய்ந்து மார்கழி பிறக்கும் பருவம் திண்டுக்கல் சமவெளிக்கு ஒரு தனியழகைத் தருவது. சிறுமலையின் முகடு காலை எட்டு மணி வரை பனிக்குள் மறைந்திருக்கும். நிலக்கோட்டைப் பூச்சந்தையில் மல்லிகை வரத்துக் குறைந்து விலை உச்சியில் நிற்கும். மாலையணிந்த ஐயப்ப பக்தர்கள் விடியலில் சரணம் விளிப்பர். பெருமாள் கோயில்களில் திருப்பாவை ஒலிக்கும். பழனிக்கு நடக்கும் அடியார் கூட்டம் சாலையோரங்களில் மெல்லத் தலைகாட்டத் தொடங்கும். அதே நாள்களில்தான் நம் ஊரின் பல வீட்டு முகப்புகளில் காகித நட்சத்திரங்கள் தொங்குகின்றன. ஒரே பனிக்காலம், ஊர் முழுவதும் எதற்கோ காத்திருக்கும் காலம்.

கிறிஸ்தவரல்லாத நண்பர்கள் பலருக்கு டிசம்பர் 25 தெரியும். அதற்கு முந்திய நான்கு வாரங்கள் தெரியா. நவம்பர் 27க்கும் டிசம்பர் 3க்கும் இடையில் எந்த நாள் ஞாயிறாக அமைகிறதோ அன்று அக்காலம் தொடங்குகிறது. கத்தோலிக்கர் அதனைத் திருவருகைக் காலம் என்பர்; தென்னிந்தியத் திருச்சபையார் அட்வெந்து நாள்கள் என்பர். குறைந்தது 22 நாள், மிகுந்தால் 28 நாள். ஞாயிறுக்கு ஒன்றாக நான்கு மெழுகுவத்திகள் ஏற்றப்படும். பீடத்தின் துணி ஊதா நிறம் பூணும். அது ஆரவாரத்தின் நிறமன்று. தன்னைத் தான் சோதித்துப் பார்க்கும் தவத்தின் நிறம்.

இக்காலத்து அடையாளங்கள் எங்கே பிறந்தன என்று பார்த்தால் ஓர் உண்மை புலனாகும். மெழுகுவத்தி வளையம் 1839இல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில், ஆதரவற்ற சிறுவர்களுக்கு இல்லம் நடத்திய யோகான் ஹின்ரிஷ் விஷெர்ன் என்பவரால் வண்டிச் சக்கரத்தின் மேல் அமைக்கப்பட்டது. பண்டிகைக்கு இன்னும் எத்தனை நாள் என்று கேட்டு நச்சரித்த ஏழைப் பிள்ளைகள் எண்ணிப் பார்ப்பதற்காக அவர் செய்த ஏற்பாடு அது. நாம் கட்டும் குடிலுக்கு வழிகாட்டியவர் அசிசி நகரின் பிரான்சிஸ். 1223இல் இத்தாலியின் கிரெச்சியோ என்னும் சிற்றூரில் வைக்கோலும் மாடும் கழுதையும் வைத்து அவர் அக்காட்சியை அமைத்தார். வளையமும் குடிலும் ஏழைகளை நினைந்து எழுந்தவை; மாளிகையிலிருந்து இறங்கி வந்தவை அல்ல.

தமிழ் மண்ணுக்கும் இவ்விழாவுக்கும் உள்ள உறவு நேற்று முளைத்ததன்று. சூசையப்பரை வளன் என்னும் பெயரில் காப்பியத் தலைவனாக்கி 3615 பாடல்களில் தேம்பாவணி பாடிய வீரமாமுனிவர், பெத்லகேமையே தமிழ் மணக்கச் செய்தார். பெஸ்கி என்னும் அவரது இயற்பெயரை இயேசு சபையாரின் பயிற்சி இல்லம் ஒன்று இன்றும் நம் திண்டுக்கல்லில் தாங்கி நிற்கிறது. அமெரிக்க மதுரை மிஷன் 1834இல் மதுரையில் பணி தொடங்கி, அடுத்த ஆண்டே திண்டுக்கல்லுக்கு வந்தது. 1947இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது அதன் சபைகள் அதில் இணைந்தன. கத்தோலிக்கருக்கோ 2003இல் திண்டுக்கல் தனி மறைமாவட்டமே ஆயிற்று.

இனி, அந்த நான்கு வாரங்களில் ஒரு சபை எப்படி வாழ்கிறது என்று பாருங்கள். முதல் ஞாயிறு முடிந்ததும் கோயிலுக்கு வெள்ளையடிக்கும் பேச்சு எழும். பெண்கள் சங்கத்தார் பலகாரத்துக்கு மாவு இடிப்பதைப் பற்றிக் கூடிப் பேசுவர். இளைஞர்கள் களிமண்ணும் வைக்கோலும் சேர்ப்பர். குடிலைச் சுற்றிப் பசுமை வேண்டுமென்று, நம்மூர் முளைப்பாரியைப் போலவே தட்டுகளில் தானியம் முளைக்க விடுவர். இரவு ஏழு மணிக்குப் பாடற் பயிற்சி. மூன்றாம் வாரத்தில் கீத பவனி புறப்படும். ஒரு சிறு வண்டி, அதன்மேல் நட்சத்திரம், ஒரு டோலக், ஒரு கிதார், சிவப்பு அங்கி அணிந்த கிறிஸ்துமஸ் தாத்தா, ஓர் உண்டியல். வீடு தோறும் இரண்டு பாட்டு, ஒரு செபம், சுக்குக் காப்பி, கைநிறைய முறுக்கு. ஆண்டு முழுதும் ஞாயிறன்று பக்கத்துப் பக்கத்து இருக்கையில் அமர்ந்தும் ஒருவர் வீட்டை ஒருவர் அறியாதவர்கள், அந்தப் பத்து இரவுகளில் ஒருவர் வாசலில் ஒருவர் நிற்கிறார்கள். சபை என்பது கட்டடம் அன்று, மனிதர் கூட்டம் என்பதை உணர்த்த இதைவிட நல்ல பாடம் உண்டோ?

விழா நாளில் பலகாரத் தட்டு புறப்படும். அதிரசமும் முறுக்கும் வைத்து, மேலே ஒரு கைக்குட்டை மூடி, இந்து நண்பர் வீட்டுக்கும் முஸ்லிம் நண்பர் வீட்டுக்கும் பிள்ளைகள் சுமந்து செல்வர். தீபாவளிக்கு வந்த தட்டுக்கு இது மறுதட்டு. நோன்புப் பெருநாளுக்குப் பேகம்பூரிலிருந்து வந்த பிரியாணிக்கு இது நன்றி. மதத்தின் பெயரால் மக்களைப் பிரிக்கும் பேச்சு மலிந்த இந்நாளில், இந்தத் தட்டு செய்யும் பணியை எந்த மேடைப் பேச்சும் செய்துவிட முடியாது. இதில் திண்டுக்கல்லார் தாராளமாகப் பெருமை கொள்ளலாம்.

ஆயினும், மூன்று ஆண்டுகளாகக் கீத பவனியில் டோலக் வாசித்து வருபவன் என்ற முறையில் ஒரு கேள்வியை இங்கே வைக்க விரும்புகிறேன். மதம் தாண்டிச் செல்லும் இந்தத் தட்டு, தெரு தாண்டிச் செல்கிறதா? வேறு மதத்தார் வீட்டுக்கு முகமலர்ச்சியோடு போகும் பலகாரம், அதே கோயிலில் அதே அப்பத்தில் பங்கு கொள்ளும், ஆனால் வேறு சாதித் தெருவில் வாழும், சபையார் வீட்டுக்குப் போகிறதா? அங்கிருந்து வரும் தட்டு இங்கே அடுப்படி வரை நுழைகிறதா?

போகும் சபைகளும் உண்டு, அவற்றை வணங்குகிறேன். போகாத சபைகளும் உண்டு என்பதை உள்ளங்கையை மறைக்காமல் ஒப்புக்கொள்வோம். சில ஊர்களில் கீத பவனி கடைசித் தெருவுக்குச் செல்வதே இல்லை. சில ஊர்களில் செல்லும். எல்லாத் தெருவும் முடிந்து, பிள்ளைகள் தூங்கி, பாடுவோர் தொண்டை கட்டிய நள்ளிரவில் செல்லும். வாசலில் நின்று ஒரே பாட்டைப் பாடி, காப்பி வேண்டாம் நேரமாகிவிட்டது என்று சொல்லித் திரும்பும். அந்த நேரமாகிவிட்டது என்ற சொல்லின் பொருளை அத்தெருவார் அறியாதவர்கள் அல்லர்.

இந்நோய்க்கு வயது அதிகம். 1606இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் என்னும் ராபர்ட் தெ நொபிலி உயர்சாதியாரை அணுகச் சந்நியாசிக் கோலம் பூண்டார். பின்னர் மற்ற மக்களுக்கெனப் பண்டாரசுவாமிகள் என்ற தனிப்பிரிவுக் குருக்கள் ஏற்பட்டனர். காலத்தின் கட்டாயம் என்று அதற்கு விளக்கம் கூறலாம். ஆனால் அன்று போட்ட வரப்பு பின்னாளில் சுவராக எழுந்தது. நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் 1872இல் எழுந்த ஆலயம், சாதிக்கொரு பகுதியாக இரண்டு கூடங்களோடு நடுவே சுவர் வைத்தே கட்டப்பட்டது. 1910இல்தான் அச்சுவர் இடிக்கப்பட்டது. மறுபுறம், அமெரிக்க மதுரை மிஷனார் 1847இல் சாதியைக் கைவிடாதவருக்குச் சபையில் இடமில்லை என்று முடிவு செய்தனர். அக்காலத்து மிஷனரிகள் அதற்கு வைத்த உரைகல் எது தெரியுமா? வேதபாடத் தேர்வு அன்று; எல்லாச் சாதியாரும் ஒரே பந்தியில் அமர்ந்து உண்ணும் அன்பின் விருந்து. வாயால் விசுவாசம் அறிக்கையிடுவது எளிது, ஒருவர் சமைத்ததை மற்றொருவர் உண்பதே கடினம் என்பதை அவர்கள் கண்டிருந்தனர்.

அரசின் ஏடு இதில் இன்னொரு முரணைச் சேர்க்கிறது. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதி என்ற தகுதியை இந்துக்களுக்கே உரியதாக்கியது. 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் அதில் சேர்க்கப்பட்டனர், கிறிஸ்தவர் சேர்க்கப்படவில்லை. நம் மாநிலத்தில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கப்பட்டுள்ளனர். ஆக, கடைசித் தெருவில் வாழும் கிறிஸ்தவ மாணவனிடம் சான்றிதழ் சொல்கிறது, உனக்கு அந்தச் சாதி இல்லை என்று. தெரு சொல்கிறது, உண்டு என்று. இரண்டுக்கும் நடுவில் நிற்கும் அவனிடம் சபையாவது ஒரு தெளிந்த விடை சொல்ல வேண்டாமா?

இவற்றை ஏன் கிளற வேண்டும், பண்டிகை நாளில் ஒற்றுமை குலையாதா என்று பெரியவர்கள் சிலர் கேட்பர். அவர்களது கவலை நேர்மையானதே. சண்டை வந்து கோயில் பூட்டப்பட்ட ஊர்களை அவர்கள் பார்த்திருக்கிறார்கள். பூட்டுக்குப் பேர்போன நம் ஊரில் இதைச் சொல்வதற்குக் கூச்சமில்லை: பூட்டி வைப்பதால் அமைதி கிடைக்கலாம், ஒற்றுமை கிடைக்காது. ஒரு தெருவார் வாய் திறவாமல் பொறுத்துக்கொண்டிருப்பதற்கு ஒற்றுமை என்று பெயரிடுவது தகுமா?

இன்னொரு சாரார் முத்தழகுபட்டியைச் சுட்டிக் காட்டுவர். அங்குள்ள புனித செபஸ்தியார் ஆலயத்தில் ஆகஸ்டுத் திங்களில் நடைபெறும் திருவிழாவின்போது, நேர்ந்துகொண்டோர் தந்த ஆடுகளும் கோழிகளும் அரிசியும் குவிய, இரவெல்லாம் சமைத்து, சாதி மதம் பாராமல் ஆயிரக்கணக்கானோருக்குச் சோறிடுகிறார்கள். நாடே வியக்கும் பந்தி அது. நமக்கு உண்மையிலேயே பெருமை. ஆயினும் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். திருவிழாக் கூட்டத்தில் பக்கத்து இலைக்காரர் யாரென்று நமக்குத் தெரியாது. தெரியாதபோது சமமாயிருப்பது எளிது. வீட்டுக்கு வரும் தட்டில் பெயர் எழுதியிருக்கிறது. தெரிந்த மனிதரை, தெரிந்த தெருவின் மனிதரை, நம் கூடத்தில் அமர்த்தி உண்பிப்பதே சமத்துவத்தின் இரண்டாம் வகுப்பு. முத்தழகுபட்டிப் பந்தி முதல் வகுப்பில் நம்மைத் தேற்றிவிட்டது; இரண்டாம் வகுப்புக்கு நாம் இன்னும் பெயர் கொடுக்கவில்லை.

ஆகவே என் கருத்தைச் சுருக்கிச் சொல்கிறேன். ஒன்று: கீத பவனி கடைசித் தெருவிலிருந்து தொடங்கட்டும். செலவு ஒரு காசும் கூடாது. வண்டியின் திசை மட்டுமே மாறும். பெத்லகேமின் செய்தி முதலில் சென்றது ஊருக்கு வெளியே ஆடு காத்துக்கொண்டிருந்தவர்களிடம் என்றுதானே லூக்கா நற்செய்தி கூறுகிறது? இரண்டு: அந்த நான்கு ஞாயிறுகளிலும் ஆராதனை முடிந்ததும் கோயில் வளாகத்தில் எளிய பொது உணவு நடக்கட்டும். வாரத்துக்கு ஒரு தெருவார் சமைக்கட்டும். சீரகச் சம்பாப் பிரியாணி வேண்டுவதில்லை. சாம்பார் சாதம் போதும். சமைப்பவர் மாறுவதுதான் அதன் சாரம். மூன்று: உண்டியல் கணக்கை அறிவிப்புப் பலகையில் எழுதி ஒட்டட்டும், அலங்கார விளக்குச் செலவில் ஒரு பகுதி மருத்துவத்துக்கும் கல்விக்கட்டணத்துக்கும் போகட்டும். ஒட்டன்சத்திரத்தில் 1955இல் டாக்டர் ஏ. கே. தரியன் தொடங்கிய கிறிஸ்தவ மருத்துவமனை, நம்பிக்கை என்பது நோயாளியின் கட்டில் வரை நடந்து செல்ல வேண்டியது என்பதற்கு நம் மாவட்டத்திலேயே நிற்கும் சான்று. நான்கு: வேடசந்தூர்ப் பக்கத்து நூற்பாலைகளில் உழைக்கும் வெளியூர்ப் பெண்களும் வடமாநில இளைஞர்களும் அந்நாளில் விடுதி அறைகளில் தனித்திருக்கிறார்கள். அவர்களைத் தேடிச் சென்று அழைக்கட்டும்.

இது கிறிஸ்தவர் வீட்டுச் செய்திதானே, கல்லூரி மலரில் எதற்கு என்று வினவும் நண்பர்களுக்கும் ஒரு சொல். வகுப்பில் நாம் ஒரே வரிசையில் அமர்கிறோம். மாலையானால் ஆதிதிராவிடர் நலத் துறையின் விடுதிக்குச் சிலர், பிற்படுத்தப்பட்டோர் நலத் துறையின் விடுதிக்குச் சிலர் என்று பிரிந்து போகிறோம். விடுதிகள் ஏற்பட்டது உதவி செய்வதற்காக. நம்மைப் பிரிப்பதற்காக அல்ல. ஆயினும் ஒருவர் விடுதிக் கூடத்தில் மற்றவர் இலை போட்டு உண்ட நாள்கள் எத்தனை? பொங்கலோ, ரம்சானோ, கிறிஸ்துமஸோ, எந்த விழாவுக்கும் இந்தக் கேள்வி பொருந்தும். படித்தவர்கள் நாமே வழிகாட்டாவிடில் கிராமத்துப் பெரியவர்களைக் குறைகூற நமக்கு என்ன உரிமை?

காத்திருத்தல் என்பது கைகட்டி அமர்ந்திருத்தல் அன்று. விருந்தாளி வருகிறார் என்றால் வாசல் தெளிக்கிறோம், கோலமிடுகிறோம், அடைசலை ஒதுக்கி வழிவிடுகிறோம். சத்திரத்தில் இடமில்லை என்று ஒரு ஏழைத் தம்பதியரைத் திருப்பி அனுப்பிய இரவைத்தான் ஆண்டுதோறும் பாடிக் கொண்டாடுகிறோம். அப்பாட்டைப் பாடிக்கொண்டே ஒரு தெருவைக் கடந்து போய்விடலாமா? வரும் டிசம்பரில் வண்டி புறப்படுமுன், எந்தத் தெரு முதலில் என்று ஓர் இளைஞன் எழுந்து கேட்கட்டும். அக்கேள்விக்குச் சபை சொல்லும் விடையில்தான் அவ்வாண்டின் கிறிஸ்துமஸ் இருக்கிறது.