வளர்ந்த மக்களும் பெற்றோர் கடனும்

மக்களைப் பெற்று, வளர்த்து, கல்வியளித்து, ஒரு தொழிலில் அமர்த்திவிட்டால் பெற்றோர் கடன் முடிந்தது என்பது நம்மவர் பலருடைய எண்ணம். புறநானூற்றின் 312 ஆம் பாட்டிலே பொன்முடியார் தாய்க்கும் தந்தைக்கும், கொல்லனுக்கும் வேந்தனுக்கும், இளைஞனுக்கும் உரிய கடன்களை வகுத்துரைத்திருப்பதை வகுப்பறையில் ஆண்டுதோறும் கற்பித்து வருகின்றோம். ஆயின், அவ்விளைஞன் களம் புகுந்த பின் பெற்றோர்க்கு உரிய கடன் யாது என்னும் வினாவிற்கு அப்பாட்டில் விடையில்லை. அவ்வினாவையே ஈண்டு எழுப்ப விரும்புகின்றேன். கடற்படையில் வானூர்தி அதிகாரிகளாகப் பணிபுரியும் மக்களைப் பெற்றோரை அதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

கடற்படை வானூர்தியில் ஊர்தியைச் செலுத்துபவர் ஒருவர். ரேடார்த் திரையையும் ஒலியுணர் கருவிகளையும் நோக்கி, நீர்மூழ்கிக் கப்பல் எங்குள்ளது, பகைக்கலம் எத்திசையில் செல்கின்றது எனக் கணித்து, அப்பறப்பின் பணியை நெறிப்படுத்துபவர் மற்றொருவர். பிரித்தானியக் கடற்படையும் இந்தியக் கடற்படையும் இவரை ‘ஒப்சேவர்’ என்கின்றன. அமெரிக்கக் கடற்படை ‘கடற்படைப் பறப்பு அதிகாரி’ எனப் பொருள்படும் பெயரால் அழைக்கின்றது. நாம் ‘நோக்கர்’ என்போம். தமிழ்நாட்டிலே அரக்கோணத்தில் 1992 மார்ச் 11 இல் தொடங்கப்பெற்ற கடற்படை வானூர்தித் தளத்திற்கு ‘இராசாளி’ என்று பெயர். இராமநாதபுரம் மாவட்டத்து உச்சிப்புளியில் உள்ள தளத்திற்குப் ‘பருந்து’ என்று பெயர். நம் மொழியின் பறவைப் பெயர்களைத் தாங்கிய இத்தளங்களிலிருந்து எழுவோர் நெடுந்தொலைவு கடலின் மீது பறந்து மீள்கின்றனர். 2013 இல் அரக்கோணத்திற்கு வந்து சேர்ந்த பி-8ஐ என்னும் பெரிய வானூர்திகள் இவ்வகைப் பணிக்கென்றே அமைந்தவை.

இப்பணியின் முதல் இயல்பு மறைவு. எங்கே சென்றோம், எதைக் கண்டோம், எப்பொழுது திரும்புவோம் என்பவற்றை வீட்டிற்குச் சொல்லுதல் ஆகாது. புறநானூற்று 86 ஆம் பாட்டிலே, மகன் எங்கே என்று வினவப்பட்ட தாய் தான் அறியாமையையே விடையாகச் சொல்லுகின்றாள். அதனைப் பாடியவர் காவற்பெண்டு. அத்தாயின் நிலையே இன்று அரக்கோணத்திலும் கொச்சியிலும் பணிபுரிவோரின் பெற்றோர் நிலை. அறியாமையைப் பொறுத்துக்கொள்ளுதல் அவர்களுடைய முதற்கடன். அது எளிய கடன் அன்று. கைத்தொலைபேசி வந்த பின்னர், ஒரு நாழிகை விடை வாராவிடினும் உள்ளம் பதறும் இயல்பு நம் எல்லோரிடத்தும் வேரூன்றிவிட்டது.

இந்நிலையில் பெற்றோர் இருவகையில் பிழைபடுவதை உலகியலிற் காண்கின்றோம். ஒருசாரார் அச்சத்தால் பிள்ளையைப் பற்றி இழுப்பர். ஒவ்வொரு விடுமுறையிலும் கண்ணீர் சிந்தி, “இத்தொழிலை விட்டு வா” என்பர். மற்றொரு சாரார் பெருமையால் பிள்ளையை முன்னே தள்ளுவர். சீருடைப் படத்தை ஊர் முழுதும் காட்டி, திருமண வீடுகளில் அவனை நிறுத்திப் பேசச் செய்து, தம் மதிப்பிற்கு அவனை முதலாக்குவர். இவ்விரண்டும் வேறுவேறு போலத் தோன்றினும் அடியில் ஒன்றே என்பது என் கருத்து. முன்னவர் பிள்ளை மீது தம் அச்சத்தைச் சுமத்துகின்றனர். பின்னவர் தம் ஆசையைச் சுமத்துகின்றனர். பெற்றோரைத் தேற்றும் பொறுப்பும் அவர்களை மகிழ்விக்கும் பொறுப்பும் பிள்ளையின் தோளில் ஏறுகின்றன. இரவிலே கடலின் மேல் கருவியை நோக்கியிருக்க வேண்டியவனுக்கு அச்சுமை வேண்டுவதில்லை.

அங்ஙனமாயின் துணை என்பது யாது? முதலாவது, பிள்ளையின் தொழிலைக் கற்றறிதல். மறைபொருளை வினவாமலே, நோக்கர் என்பவர் யார், எத்துணைப் பயிற்சி பெறுகின்றார், இடர் நேர்ந்தால் என் செய்யப் பயின்றுள்ளார் என்பவற்றை அறியலாம். அறியாதவன் அச்சத்திற்கு எல்லையில்லை. அறிந்தவன் அச்சத்திற்கு ஓர் அளவுண்டு. இரண்டாவது, வீட்டை வீடாகவே வைத்திருத்தல். விடுமுறையில் வருபவன் வீரனாக வரவேற்கப்படுவதைக் காட்டிலும், தண்ணீர் மோட்டரைத் திருத்தச் சொல்லப்படும் பிள்ளையாக இருப்பதையே பெரும்பாலும் விரும்புவான். மூன்றாவது, வீட்டுச் செய்தியை உண்மையாகவும் அளவாகவும் அறிவித்தல். தந்தையின் நோயை முற்றாக மறைத்துப் பின்னர் திடுமெனச் சொல்லுதலும், சிறு தலைவலியைப் பெரிதாக்கி அழைத்தலும் ஒருங்கே தீங்கு பயப்பன.

பெண்மக்கள் திறத்தில் இக்கடன் இருமடங்காகின்றது. 2019 டிசம்பர் 2 இல் கொச்சியில், பிகார் மாநிலத்தைச் சேர்ந்த சிவாங்கி என்பார் இந்தியக் கடற்படையின் முதற் பெண் விமானியானார். 2020 செப்டெம்பர் 21 இல் அதே நகரில் குமுதினி தியாகி, ரித்தி சிங் என்னும் இருவர் நோக்கர் பயிற்சியை நிறைவு செய்து, போர்க்கப்பலிலிருந்து பறந்து பணிபுரியும் முதற் பெண்களாகத் தெரிந்தெடுக்கப்பட்டனர். அத்தகைய மகளைப் பெற்றோரிடம் சுற்றத்தார் வினவுவது பறப்பைப் பற்றியன்று, திருமணத்தைப் பற்றி. அவ்வினாவை மகளிடம் கொண்டுசேர்க்காது, தம் வாயிலிலேயே நிறுத்தி விடையளிக்கும் பெற்றோர் அவளுக்குப் பெருந்துணை செய்தவராவர்.

இனி, சொல்லக் கூசினும் சொல்லவேண்டியது ஒன்றுண்டு. 2020 நவம்பர் 26 இல் இந்தியக் கடற்படையின் மிக்-29கே வானூர்தி ஒன்று அரபிக் கடலில் வீழ்ந்தது. பயிற்சி பெற்றுக்கொண்டிருந்த விமானி மீட்கப்பட்டார். உடன்சென்ற அதிகாரியின் உடல் பதினொரு நாள் கழித்தே கிடைத்தது. அப்பதினொரு நாளை ஒரு குடும்பம் எவ்வாறு கழித்திருக்கும் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். நம் கண்டிமாநகரிலே இரண்டாம் உலகப் போரில் மாண்டோர்க்கான கல்லறைத் தோட்டம் ஒன்றுண்டு. அங்குச் சில கல்லறைகளில் பெயருக்கும் வயதிற்கும் கீழே, குடும்பத்தார் தெரிந்தனுப்பிய சில சொற்கள் பொறிக்கப்பட்டுள்ளன. இம்மலைநாட்டைக் கண்டறியாத தாய்மாரும் தந்தைமாரும் தம் மக்களுக்கு இறுதியாகச் செய்யக்கூடியதாயிருந்தது அவ்வளவே. நம் மாணவர் அங்குச் செல்வாராயின் வயதுகளை முதலிற் படிப்பாராக.

“பெற்றோர் வாய்மூடித் துன்புறல் வேண்டும் என்கின்றீரோ?” என்று ஒருவர் வினவலாம். அன்று. மறைவைப் பொறுத்தல் வேறு. உண்மையை இழத்தல் வேறு. விபத்து நேர்ந்தவிடத்து அதன் காரணத்தை ஒளிவின்றி அறியும் உரிமை பெற்றோர்க்கு உண்டு. பழுதுற்ற ஊர்தியில் தம் மக்கள் ஏற்றப்படலாகாது என்று உரத்துக் கேட்கும் உரிமையும் உண்டு. அரசுக்குப் பிள்ளையை அளித்தவர் வினவும் உரிமையையும் உடன் அளித்துவிடவில்லை. பிள்ளையின் தெரிவை மதித்தலும், அரசின் பொறுப்பைக் கேட்டலும் ஒன்றற்கொன்று முரணானவை அல்ல.

“மலைநாட்டார்க்குக் கடற்படைப் பேச்சு எற்றுக்கு?” என்பாரும் உளர். 2025 நவம்பரில் டித்வா சூறாவளி நம் நாட்டைத் தாக்கிக் கண்டி மாவட்டத்தின் மலைச்சரிவுகள் இடிந்தபோது, கொழும்பிற்கு வந்திருந்த விக்ராந்த் என்னும் இந்தியக் கப்பலின் ஹெலிகொப்டர்கள் இலங்கையின் மீட்புப் பணியில் ஈடுபட்டன. இந்தியக் கடற்படையின் டோர்னியர் வானூர்தி ஒன்று 2022 ஆகஸ்ட் 15 இல் நம் வான்படைக்கு வழங்கப்பட்டு, நம் நாட்டவராலே கடற்கண்காணிப்பிற்குச் செலுத்தப்பட்டது. அறியாத ஒரு தாயின் பிள்ளை நம் கூரைக்கு மேலே பறந்து வருங்காலும் உண்டு என்பதை மலைநாட்டார் மறத்தலாகாது. அன்றியும், வணிகக் கப்பலிலும், வளைகுடா நாடுகளிலும், தொலைதூர வைத்தியசாலைகளிலும் மக்களைப் பணிக்கு விட்டிருக்கும் பெற்றோர் நம்மிடையே பலர். ஆபத்தின் அளவு வேறாயினும் காத்திருத்தலின் இயல்பு ஒன்றே.

பழைய மாணவர் சங்கத்திற்கு ஒரு வேண்டுகோள். வெளிநாடு சென்ற பழைய மாணவரின் வெற்றிகளைப் பாராட்டுகின்றோம், அது தக்கதே. அவர்களுடைய பெற்றோர் இவ்வூரிலே தனித்திருக்கின்றனரா, வைத்தியரிடம் அழைத்துச் செல்ல ஆளுண்டா என்று கேட்டறியும் வழக்கத்தையும் மேற்கொண்டால், தொலைவில் உள்ள பிள்ளைக்கு அதனினும் பெரிய பாராட்டு இல்லை.

மாணவர்க்கும் ஒரு சொல். நீங்கள் நாளை வானிலும் கடலிலும் எங்குச் செல்லினும், சொல்லத்தகாதவற்றைச் சொல்லவேண்டா. தரை சேர்ந்ததும் “வந்துவிட்டேன்” என்னும் ஒரு சொல்லை மட்டும் மறவாது அனுப்புக. பெற்றோர் கடனுக்கு எதிர்க்கடன் அச்சொல்லே.

— தமிழாசிரியர், திகன