கும்பகோணத்து அங்கத்தினரும் காலாவதியான மசோதாவும்

கோதுமை, நெல் ஆராய்ச்சிகளால் உலகப் பிரசித்தி பெற்ற டாக்டர் எம். எஸ். சுவாமிநாதன் 1925ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 7ந் தேதி கும்பகோணத்தில் பிறந்தவர் என்பதையும், 2023 செப்டம்பர் 28ந் தேதி சென்னையில் காலமானார் என்பதையும், மறு ஆண்டில் அவருக்குப் பாரத ரத்னா விருது அளிக்கப்பெற்றதையும் தஞ்சை ஜில்லாக் குடியானவர்கள் நன்கறிவர். ஆனால் அவர் 2007 முதல் 2013 வரை ராஜ்ய சபையில் நியமன அங்கத்தினராக வீற்றிருந்ததும், அங்கே உழவைப் பற்றித் தம் பெயரால் ஒரு மசோதா கொணர்ந்ததும் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. பேசப்பட வேண்டிய விஷயம் அதுவே.

அவர் தலைமை வகித்த தேசிய விவசாயிகள் கமிஷன் 2004 டிசம்பர் முதல் 2006 அக்டோபர் வரை ஐந்து அறிக்கைகளைச் சமர்ப்பித்தது. சாகுபடிச் செலவுக்கு மேல் குறைந்தது நூற்றுக்கு ஐம்பது கூட்டி ஆதரவு விலை நிர்ணயிக்க வேண்டும் என்ற சிபாரிசு ஒன்றே எல்லார் வாயிலும் வழங்குகிறது. நெல்லுக்கு விலை கேட்பது நியாயமே. ஆயினும், அக்கமிஷனின் சிபாரிசுகளையொட்டி 2007இல் வெளியான தேசிய விவசாயிகள் கொள்கை, உழவர் யார் என்ற கேள்விக்குப் பட்டாவை அளவுகோலாகக் கொள்ளவில்லை. குத்தகைதாரரும், கூலியாட்களும், பெண்டிரும் அச்சொல்லில் அடங்கினர். விலையை உரக்கக் கேட்டவர்கள் இதனைக் கவனியாது விட்டனர்.

இக்கருத்தைச் சட்டமாக்கும் பொருட்டே அவர் மகளிர் உழவர் உரிமை மசோதாவை 2012 மே மாதம் 11ந் தேதி ராஜ்ய சபையில் பிரேரேபித்தார். கிராமத்தில் வசித்து உழவுத் தொழிலில் ஈடுபடும் பெண், விவாகமானவளாயினும் ஆகாதவளாயினும், நிலமுள்ளவளாயினும் இல்லாதவளாயினும் உழவரே என்பது அதன் அடிப்படை. கிராம சபையின் அங்கீகாரத்தின் மேல் பஞ்சாயத்து அவளுக்கு ஒரு சான்றிதழ் வழங்கும். அதைக் கொண்டு அவள் கடன் பெறலாம், பாசன நீரில் தன் பங்கைக் கோரலாம். அன்றியும், கணவன் தேடிய நிலத்திலும் குடும்பச் சொத்தில் அவனுக்குரிய பாகத்திலும் அவளுக்குச் சம உரிமை உண்டென்று ஒரு ஷரத்துக் கூறியது.

மசோதா சட்டமாகவில்லை. 2013 ஏப்ரலில் அவருடைய பதவிக்காலம் முடிந்தபோது அதுவும் காலாவதியாயிற்று. இதில் வியப்பொன்றுமில்லை. சுதந்திரத்திற்குப் பின் தனி அங்கத்தினர் கொணர்ந்து சட்டமான மசோதாக்கள் பதினான்கே. அவற்றுள் கடைசியானது 1970இல் நிறைவேறியது. வெள்ளிக்கிழமை பிற்பகல்களில் ஒதுக்கப்படும் சில மணி நேரத்தில் பெரிய காரியம் எதுவும் நடப்பதரிது.

நிலமுடையோர் கூறக்கூடிய ஆட்சேபணையை அலட்சியம் செய்வதற்கில்லை. ஏற்கெனவே மாவும் குழியுமாகச் சிதறிக் கிடக்கும் நஞ்சையில் மனைவிக்கும் பங்கு என்றால் நிலம் இன்னும் துண்டாகாதோ என்பர். யோசித்துப் பார்த்தால், வயலைத் துண்டாக்குவது சகோதரர்களின் பாகப்பிரிவினையே. கணவன் மனைவி இருவர் பெயரும் ஒரே பட்டாவில் இருப்பதால் நடுவே வரப்புப் போடுவாரில்லை. பெண்ணுக்குப் பாகம் என்பதும் இந்நாட்டுக்குப் புதிதன்று. மகளுக்குப் பூர்வீகச் சொத்தில் சம உரிமையைத் தமிழ்நாடு 1989இலேயே சட்டமாக்கியது. மத்திய சட்டம் 2005இல்தான் அவ்விதம் திருந்தியது. எனினும் 2015-16ஆம் ஆண்டு விவசாயக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் நூறு சாகுபடிக் கைப்பற்றுகளில் பெண்கள் பெயரில் இருந்தவை ஏறக்குறைய பதினான்கே. விடுதலைப் பத்திரத்தில் சகோதரிகள் கையெழுத்திட்டுச் செல்லும் வழக்கம் எவ்வளவு வேரூன்றியது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

மேலும், இந்த வேண்டுகோளால் பயன் பெறுவோர் நிலமுடையோரின் குடும்பத்தாரே. குடும்பத் தலைவர் அயல்நாடு சென்றிருக்கிறார். சம்பா நடவையும் களையெடுப்பையும் உர வினியோகத்தையும் மனைவியே நடத்துகிறாள். ஐப்பசி அடைமழையில் பயிர் மூழ்கினால், நஷ்டஈடும் இன்ஷ்யூரன்சும் பதிவேட்டிலுள்ள பெயரையே தேடிச் செல்லும். 2019இல் தொடங்கிய ஆண்டொன்றுக்கு 6,000 ரூபாய் உதவித் திட்டமும் நிலப்பதிவேட்டில் பெயருள்ளவர்க்கே உரியதாக வகுக்கப்பட்டது. அத்தலைவர் இறந்துபோனாலோ, வாரிசுச் சான்றும் பட்டா மாறுதலும் கிடைக்கும் வரையில் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் அவள் பேச்சு ஏறாது. நாற்று அதற்காகக் காத்திராது.

பிரான்சு தேசத்திலும் உழவர் மனைவியர் நெடுங்காலம் உத்தியோகக் கணக்கில் தொழிலற்றவர்களாகவே இருந்தனர். 1999ஆம் ஆண்டு விவசாயச் சட்டமொன்று அவர்களுக்குக் கூட்டுழைப்பாளர் என்ற அந்தஸ்தை வழங்கியது. அதனால் எந்தப் பண்ணையும் குலைந்துவிடவில்லை.

சட்டம் வரும் வரையில் செய்யக் கூடியதும் உண்டு. பரம்பரைக் கர்ணமும் முன்சீபும் 1980இல் ஒழிந்தனர். ஆனால் அடங்கலை வீட்டுத் திண்ணையிலிருந்தே பூர்த்தி செய்யும் பழக்கம் அவர்களோடு முற்றிலும் ஒழிந்ததா என்பது சந்தேகம். கிராம நிர்வாக அலுவலர் வயலுக்கே சென்று, சாகுபடி செய்பவர் யார் என்று விசாரித்து எழுதுவாராயின் பெண்களின் பெயர் பல இடங்களில் தானே ஏறும். புதிதாக நிலம் வாங்குவோர் கிரயப் பத்திரத்தையே கணவன் மனைவி இருவர் பெயரிலும் பதிவு செய்து கொள்ள இன்று எந்தச் சட்டத் தடையும் இல்லை.

ஐக்கிய நாடுகளின் பொதுச் சபை 2026ஆம் ஆண்டை மகளிர் உழவருக்குரிய சர்வதேச ஆண்டாக 2024இல் பிரகடனம் செய்தது. காலாவதியான மசோதாவை அரசாங்கமே தன் மசோதாவாக மீண்டும் கொணர வேண்டுமென்று கும்பகோணம், திருவிடைமருதூர், பாபநாசம் தாலூக்காக்களின் கிராம சபைகள் தீர்மானம் நிறைவேற்றி, தம் பாராளுமன்ற அங்கத்தினர்களுக்கு அனுப்புதல் தகும். சான்றிதழுக்கு அங்கீகாரம் அளிக்கும் பொறுப்பை அம்மசோதா ஒப்புவித்ததும் கிராம சபைகளிடமே.